கேன்வாஸிலிருந்து திரைக்கு: கொங்குநாட்டு ஓவியருக்கு எந்த வழி ஒத்துவரும்?

முறையாக ஓவியம் படித்து, பல வருஷம் ஆயிலிலும் வாட்டர்கலரிலும் கை பழகிய ஒருவர் டிஜிட்டலுக்கு மாற நினைத்தால், முதலில் கேட்பது "எந்த டேப்லெட் வாங்கலாமுங்க?" என்பதுதான். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் எனக்குத் தெரிந்த ஓவியர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறார்கள். கருவியைப் பற்றிப் பிறகு பேசலாம். அதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. படத்தில் எந்தப் பகுதியை உங்கள் கை செய்யப்போகிறது, எதைக் கணினியிடம் விடப்போகிறீர்கள்? நிலக்காட்சியோ உருவப்படமோ வரைபவர் இந்த முடிவைத் தள்ளிப்போடலாம். சர்ரியல் பக்கம் போகிறவர் தள்ளிப்போட முடியாது.

சர்ரியல் படத்தில் நடப்பது நடக்கவே முடியாத விஷயம். ஆனால் அது நடக்கும் இடமும், அங்கே விழும் வெளிச்சமும், நிழலின் திசையும் கண்ணுக்குச் சந்தேகம் வராதபடி இருக்க வேண்டும். சர்ரியல் ஓவியர் சால்வடோர் டாலி 1931-இல் வரைந்த உருகும் கடிகாரங்களை நினைத்துப் பாருங்கள். கடிகாரம் ஈரத்துணி மாதிரித் தொங்குகிறது. ஆனால் பின்னால் தெரியும் கடலோரப் பாறையின் வெயிலும், முன்னால் இருக்கும் மேசை விளிம்பும் எந்த ஓவிய ஆசிரியரும் குறை சொல்ல முடியாத அளவுக்குச் சுத்தம். பெல்ஜிய சர்ரியல் ஓவியர் மாக்ரித்தும் அந்த ரகம்தான். ஆரம்பத்தில் வால்பேப்பர் டிசைனும் விளம்பரப் படமும் போட்டுப் பிழைத்தவர், அந்தக் கைச்சுத்தத்தை விடவே இல்லை. இன்னொரு சர்ரியல் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் வேறு ரகம். 1925-இல் மரப்பலகை மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அதில் வந்த ரேகைகளுக்குள் உருவம் தேடினார். பழைய அச்சுப் படங்களை வெட்டி ஒட்டினார். முதல் இருவருக்கும் கை முக்கியம், மூன்றாமவருக்குத் தேர்ந்தெடுக்கும் கண் முக்கியம். டிஜிட்டலில் இன்று இருக்கும் வழிகளும் இந்த இரண்டிலிருந்து கிளைத்தவைதான்.

வெற்றுத் திரையில் ஆரம்பிப்பது

முதல் வழி, காலி ஃபைலைத் திறந்து கடைசிவரை ஸ்டைலஸால் (டிஜிட்டல் பேனாவால்) வரைவது. படித்த படிப்பு இங்கே நிறையக் கைகொடுக்கும். உருவ அளவு, பெர்ஸ்பெக்டிவ் எனும் தூரம்-அண்மைக் கணக்கு, இருள்-வெளிச்சப் பிரிப்பு எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. ஆயிலில் அடிச்சாயத்தின் மேல் மெல்லிய கிளேஸ் ஏற்றிப் பழகியவர்களுக்கு மல்டிப்ளை லேயர், அதாவது கீழிருக்கும் நிறத்தை மறைக்காமல் அதன் மேல் சாயமேற்றும் கண்ணாடித்தாள் மாதிரியான அடுக்கு, ஒரு மணி நேரத்தில் பிடிபடும். காயக் காத்திருக்க வேண்டாம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

தொந்தரவு வண்ணக் கலவையில் வரும். தட்டில் நீலத்தையும் மஞ்சளையும் கலந்தால் பச்சை என்பது நம் கைக்கே தெரிந்த விஷயம். பெரும்பாலான மென்பொருள்களில் அதே இரண்டையும் கலந்தால் செத்த சாம்பல் நிறம் வரும். திரை ஒளியைக் கூட்டிக் கணக்குப் போடுகிறதே தவிர, நிறமியைக் கலப்பதில்லை. ரெபெல் மாதிரிச் சில மென்பொருள்கள் நிறமிக் கலவையைப் போலவே கணக்கிடும் வசதியைக் கொடுக்கின்றன. ஆயில்காரர்கள் அதை ஒரு தடவை சோதித்துப் பார்ப்பது நல்லது.

இன்னொரு தொந்தரவு ஜூம். நானூறு சதவீதம் பெரிதாக்கி ஒரு கண்ணிமையை ராத்திரி முழுக்க வரைந்துவிட்டு, பழைய அளவுக்கு வந்து பார்த்தால் முகமே கோணலாக இருக்கும். ஈசலுக்கு முன்னால் நின்றவரை இரண்டடி பின்னால் போய்ப் பார்க்கும் பழக்கம் காப்பாற்றியது. திரையில் அதைத் தெரிந்தே செய்ய வேண்டும். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்க்கும் கட்டளை எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. கண்ணாடியில் பார்த்துத் திருத்திய அதே வேலைதான்.

இந்த வழி கோட்டோவியமும் வாட்டர்கலரும் வலுவாக உள்ளவர்களுக்குப் பொருந்தும். கத்தியால் வண்ணத்தை அப்பி வரைந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றம்தான். அந்தப் புடைப்பு திரையில் படமாகத் தெரியுமே ஒழிய, பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் போடாது.

போட்டோக்களை இணைப்பது

இரண்டாவது, போட்டோமான்டாஜ். பலர் நினைப்பது போல இது கணினியோடு பிறந்ததல்ல. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜெரி யூல்ஸ்மன் இருட்டறையில் பல என்லார்ஜர்களை (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவிகளை) வரிசையாக வைத்து, ஒரே தாளை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தி நகர்த்தி, மிதக்கும் மரங்களையும் கூரையில்லாத அறைகளையும் உருவாக்கினார். 1994-இல் ஃபோட்டோஷாப்பில் லேயர் வசதி வந்த பிறகு அந்த வேலை எல்லோருக்கும் எட்டியது.

திருப்பூரில் பனியன் பிரிண்ட் டிசைன் போட்டவர்களுக்கு இங்கே ஒரு முன்தொடக்கம் உண்டு. ஸ்கிரீன் பிரிண்டிங்குக்காக ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்து, ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்று யோசித்த மூளைக்கு லேயர் என்பது பழைய சமாச்சாரம்.

எளிதாகத் தெரிவதால் இந்த வழியில் குப்பையும் அதிகம். இணையத்திலிருந்து எடுத்த படங்களை ஒட்டினால், ஒரு படத்தில் ஐரோப்பியக் குளிர்காலச் சாய்வெயில், இன்னொன்றில் ஸ்டூடியோ விளக்கு, மூன்றாவதில் மேகமூட்டம் என்று ஒரே சட்டத்துக்குள் மூன்று சூரியன்கள் வந்துவிடும். எர்ன்ஸ்ட் 1934-இல் வெளியிட்ட கத்தரிப்புப் படங்களில் ஒட்டு ஏன் தெரிவதில்லை என்றால், அவர் எடுத்தவை எல்லாமே பத்தொன்பதாம் நூற்றாண்டு மரச்செதுக்கு அச்சுப் படங்கள். கோட்டின் குணம் எல்லாவற்றிலும் ஒன்று. நீங்களும் ஒரே கேமராவில், ஒரே நேரத்து வெளிச்சத்தில் எடுத்த சொந்தப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வெளிச்சம் என்று வந்தால் நம் ஊருக்கே சில தனிக் குணங்கள் உண்டு. கோவை ஏறக்குறைய 11 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் நான்காவது வாரத்திலும் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. அந்தச் சில நிமிஷம் நட்டு வைத்த கம்பத்துக்கு நிழலே இருக்காது. நிழலில்லாத கம்பத்தையும் மனிதரையும் எந்த மென்பொருள் உதவியும் இல்லாமல் படம் பிடிக்கலாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வேறு மாதிரி. மேகம் ஓடிக்கொண்டே இருப்பதால் பல்லடம், உடுமலை பக்கம் ஒரு காற்றாலை வெயிலில் பளீரென்று இருக்கும்போது அடுத்தது இருட்டில் நிற்கும். இணையத்தில் தயாராக விற்கும் ஸ்டாக் போட்டோக்களில் இதைத் தேடிக் களைக்க வேண்டாம், ஒரு மதியம் பைக்கை எடுத்துக்கொண்டு போனால் போதும்.

விஷயத்துக்கும் வெளியூர் போக வேண்டியதில்லை. பாலைவனத்தில் தனியாக நிற்கும் கதவு, வானத்தில் நீந்தும் திமிங்கலம் எல்லாம் இணையத்தில் சலித்துப்போன சரக்கு. நம் பக்கம் ஆறு சோப்பு நுரை பொங்கி ஓடியிருக்கிறது. நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று 1992-இல் வந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீர் வயலுக்கு ஆகாது என்று விவசாயிகளே ஒதுக்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. யாருக்கும் வேண்டாத தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் அணையை விட விநோதமான காட்சியை டாலி வந்தாலும் கற்பனை செய்ய மாட்டார். சேலம், ஈரோடு பக்கத்து முனியப்பனின் உருட்டிய கண்கள், அந்தியூர் ஆடித் திருவிழாவில் விற்பனைக்கு நிற்கும் குதிரைகள், பவானி ஜமுக்காளத்தின் பட்டைக் கோடுகள் என்று எடுக்க எடுக்க வரும்.

நடு வயதில் பாணி மாறுவது தாமதம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். கே.சி.எஸ். பணிக்கர் பிறந்தது கோவையில், 1911-இல். தென்னையும் நீர்நிலையுமாக வாட்டர்கலர் வரைந்து பேர் வாங்கியவர், 1963-இல், ஐம்பதைத் தாண்டிய பிறகு, எழுத்துகளும் ஜாதகக் கட்டங்களும் கணிதக் குறிகளும் நிறைந்த புதிய வரிசையைத் தொடங்கினார். அது சர்ரியலிசம் அல்ல. ஆனால் கைப்பழக்கத்தை விடாமல் வீட்டுப் பரணில் கிடக்கும் ஜாதக நோட்டைப் படத்துக்குள் கொண்டுவந்த தைரியம் நமக்கும் ஆகும்.

கையால் வரைந்து, திரையில் சேர்ப்பது

பேரூர் பட்டீசுவரர் கோயிலின் கனகசபைத் தூண்களைப் படத்தில் பயன்படுத்த ஆசை என்று வைத்துக்கொள்வோம். 2022 டிசம்பரில் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. போட்டோவை நம்பியவர் வாசலிலேயே நின்றுவிடுவார். நினைவிலிருந்து வரையத் தெரிந்தவருக்கு அது ஒரு தடையே இல்லை. தூணைக் கண்ணால் நன்றாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து தாளில் போட்டுவிடலாம்.

மூன்றாவது வழி அங்கிருந்துதான் தொடங்குகிறது. எனக்குப் பிடித்ததும், பயிற்சி பெற்ற ஓவியர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். படத்தின் உறுப்புகளைத் தனித்தனித் தாள்களில் கையால் வரைவது: ஒரு காங்கேயம் காளை, ஒரு மோட்டார் ரூம், பாதி திறந்த ஜன்னல், ஒரு கை. வரைவதற்கு முன்பே வெளிச்சம் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், அடிவானக்கோடு எங்கே என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிட வேண்டும். எல்லா உறுப்புக்கும் அதே விதி. பிறகு ஸ்கேன் செய்து, கத்தரித்து, லேயர்களில் வைத்து இடம் மாற்றி, அளவு மாற்றிப் பார்ப்பது. காளையை மோட்டார் ரூம் கூரைக்கு மேல் வைப்பதா, அதன் வயிற்றுக்குள்ளேயே ஜன்னலைத் திறப்பதா என்பதைக் கேன்வாஸில் பார்க்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாசம் ஆகும். இங்கே ஒரு சாயங்காலத்தில் முப்பது விதமாகப் பார்த்துவிடலாம். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேல் ஒரே நிறத்தில் மெல்லிய மல்டிப்ளை லேயர் ஏற்றினால், தனித்தனியாக வரைந்த துண்டுகள் ஒரே காற்றுக்குள் வந்துவிடும். தரையில் விழும் நிழலை மட்டும் தாளில் வரையாமல் திரையில் வரையுங்கள். உறுப்பு நகர்ந்தால் நிழலும் மாற வேண்டுமல்லவா?

ஸ்கேன் கணக்கு நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஏ4 தாளை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 4,960-க்கு 7,016 பிக்சல். அதை 300 டிபிஐ-யில் அச்சடித்தால் ஏ2 அளவு வரும். அதாவது வீட்டிலிருக்கும் சாதாரண ஸ்கேனரில் வைத்த தாள், நீள அகலத்தில் இரண்டு மடங்காக நிற்கும். கூவாஷ் (அடியிலிருப்பதை மறைக்கும் கனமான வாட்டர்கலர்), போஸ்டர் கலர், மை, வாட்டர்கலர் எல்லாம் நன்றாக ஸ்கேன் ஆகும். ஆயில் பளபளப்பதால் ஸ்கேனருக்கு ஆகாது. மேகமூட்டமான நாளில் நிழலில் வைத்து, பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்ட கேமராவில் எடுப்பது மேல். இந்த வழிக்கு வருபவர் ஆயிலைக் கொஞ்ச நாள் ஒதுக்கி கூவாஷ் எடுப்பது நல்லது என்பேன். அதன் மங்கலான பரப்பு திரையில் மிக அழகாக வரும்.

குறையும் உண்டு. வேலை இரட்டிப்பு. கத்தரிக்கும் ஓரங்கள் பொறுமையைச் சோதிக்கும். தாளின் சொரசொரப்பு அளவு மாறும்போது மாறிவிடும்: பத்துப் பங்கு பெரிதாக்கிய கையில் தாளின் நார் கயிறு மாதிரித் தெரியும். அதனால் எந்த உறுப்பு எவ்வளவு பெரிதாக வரும் என்று ஓரளவு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளை நான்காவது வழியாகச் சொல்வார்கள். இலவசம், வெளிச்சக் கணக்கு துல்லியம். ஆனால் அது தனிப் படிப்பு. கட்டிடமும் படிக்கட்டும் நிறைந்த படங்கள் வரைபவருக்கு மட்டும், வெறும் பெட்டிகளை வைத்து நிழல் எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்கு உதவும். சொல் கொடுத்தால் படம் தரும் ஏஐ கருவிகள் இந்த ஒப்பீட்டுக்குள் வரவே இல்லை என்பது என் எண்ணம். கை பழகியவர் எதற்காகக் கையை எடுத்துவிட்டு உட்கார வேண்டும்? அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2023-இல், மனிதர் கைபடாமல் இயந்திரமே உருவாக்கிய படத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) கிடையாது என்று தீர்ப்புச் சொன்னதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது கருவி

மூன்று ரகம். திரையில்லாத டேப்லெட், அதாவது ஸ்டைலஸால் வரைய வெறும் பலகை மட்டும், 5,000 ரூபாய்க்கு உள்ளேயே கிடைக்கும். ஏற்கெனவே கணினி இருக்க வேண்டும். கை ஓரிடம், கண் ஓரிடம் என்பதால் முதல் சில வாரம் எரிச்சலாக இருக்கும். சின்னது வாங்காதீர்கள். தோளிலிருந்து கோடிழுக்கப் படித்தவர் உள்ளங்கை அளவுப் பலகையில் மணிக்கட்டை மட்டும் ஆட்டி வரைய வேண்டியிருக்கும், கோடு செத்துவிடும். பத்து அங்குல அகலமாவது இருக்கட்டும்.

பென் டிஸ்ப்ளே என்பது திரை மேலேயே வரைவது. அடக்கமான 13 அங்குல மாடலுக்கே விலை பல மடங்கு ஆகும், இதற்கும் கணினி வேண்டும். பெயர்ப்பலகை எழுதியவர்களுக்கும் சுவரோவியக்காரர்களுக்கும் கண் முன்னால் கை நகர்வது அவசியமென்றால் இதுதான் இயல்பு. கண்ணாடியின் கனத்தால் முனைக்கும் கோட்டுக்கும் சின்ன இடைவெளி தெரியும் மாடல்களும் உண்டு, கடையில் வரைந்து பார்த்து வாங்குங்கள்.

ஐபேடின் வசதி தூக்கிக்கொண்டு போகலாம் என்பது. மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லாத நாளிலும் வேலை நடக்கும். ஒரு எச்சரிக்கை: விலை குறைந்த யூஎஸ்பி-சி ஆப்பிள் பென்சிலில் அழுத்தத்தை உணரும் வசதி கிடையாது. அழுத்தினாலும் விட்டாலும் ஒரே கோடுதான். ஓவியருக்கு அது வீண் செலவு. வாங்கும் ஐபேடுக்குப் பொருந்தும் வேறு பென்சிலைக் கேட்டு வாங்க வேண்டும்.

கையால் வரைந்து திரையில் சேர்க்கும் மூன்றாவது வழிக்குப் போகிறவருக்குத் திரையில்லாத நடுத்தர டேப்லெட்டே தாராளம், ஏனென்றால் நுட்பமான வரைதல் ஏற்கெனவே தாளில் முடிந்துவிட்டது. மிச்சப் பணத்தைக் கணினியின் நினைவகத்தில் போடுங்கள். 2-க்கு 3 அடிப் படம் 300 டிபிஐ-யில் 7,200-க்கு 10,800 பிக்சல். ஒரு முழு லேயர் மட்டும் 300 எம்பி சுமாருக்கு நினைவகத்தை அடைக்கும். இருபது லேயர் போட்டால் 6 ஜிபி. எட்டு ஜிபி லேப்டாப் மூச்சு முட்டும், பதினாறு ஜிபியாவது வேண்டும். அவ்வளவு பெரிதாக வரைந்துதான் ஆக வேண்டுமா என்பது வேறு கேள்வி. டாலியின் கடிகாரப் படம் 24-க்கு 33 சென்டிமீட்டர்தான், ஏ4 தாளை விடச் சற்றே பெரிது.

மென்பொருளுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். கிரிட்டா இலவசம், அச்சுக்குத் தேவையான சிஎம்ஒய்கே (நான்கு அச்சு மைகளின் நிறக் கணக்கு) வசதியும் உண்டு. புரோக்ரியேட் ஐபேடில் மட்டும், ஒரே தடவை காசு. ஃபோட்டோஷாப்புக்குச் சந்தா கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அலுவலகத்தில் ஏற்கெனவே பழகியவர் மட்டும் தொடரலாம்.

அச்சும் விற்பனையும்

திரையில் ஜொலிக்கும் நீலமும் கிளிப்பச்சையும் தாளில் அப்படியே வராது. அச்சு மையால் எட்ட முடியாத நிறங்கள் அவை. முதலிலேயே அச்சு முன்னோட்டத்தை வைத்து வரைவதும், முழு அளவுக்கு முன்னால் ஒரு துண்டை மட்டும் அடித்துப் பார்ப்பதும் காசை மிச்சப்படுத்தும். தெருவுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கடை இருக்கிறதே என்று அங்கே கொடுத்துவிடாதீர்கள். நான் பார்த்த ஒரு கடையில் ஓவியரின் படத்துக்குக் கேட்காமலேயே பளபளப்பைக் கூட்டி, கறுப்பை இன்னும் கறுப்பாக்கிக் கொடுத்தார்கள். காதணி விழா பேனருக்கு அது சரி. சுவரில் மாட்டி இரண்டடி தூரத்தில் நின்று பார்க்கும் படத்துக்கு நிறமி மையில், பருத்தித் தாளில் அடிக்கும் இடத்தைத் தேட வேண்டும்.

வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி "இதுக்கு ஒரிஜினல் எங்கீங்க?" என்பது. முழுக்கத் திரையில் வரைந்தவருக்கும் போட்டோ இணைத்தவருக்கும் இதற்குப் பதில் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கையால் உறுப்புகளை வரைந்தவர் காளையையும் ஜன்னலையும் தாளில் எடுத்துக் காட்டலாம், அவற்றைத் தனியாக விற்கவும் செய்யலாம். புதுமனைப் புகுவிழாவுக்கு விநாயகரும் ஏழு குதிரைகளும் தேடி வருபவர் சர்ரியல் வாங்குவது அபூர்வம்தான். வாங்கும் சிலருக்குக் கையால் தொட்டுப் பார்க்க ஒரு தாளாவது இருந்தால் நம்பிக்கை வருகிறது.

பிரிண்ட் விற்பதானால் எத்தனை பிரதி என்பதை முதல் பிரதி கைமாறுவதற்கு முன்பே முடிவு செய்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் போட்டுவிடுங்கள். பத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பதினொன்றாவது அடித்தால், கோவை மாதிரிச் சின்ன வட்டத்தில் நாலே நாளில் தெரிந்துவிடும்.